கடுகண்ணாவை அம்பலம்



கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும்போது, கடுகண்ணாவை மலையேற்றத்தில் சாலையோரமாக ஓட்டுக் கூரையுடன் ஒரு சிறு மண்டபத்தைக் கண்டிருப்பீர்கள். அதுதான் கடுகண்ணாவை அம்பலம். வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்கென்றே எழுந்த கட்டடம் அது.

மன்னராட்சிக் காலத்தில் கண்டிக்குச் செல்ல ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. உப்பு, கருவாடு, புடைவை ஆகியவற்றைக் காளைகளின் முதுகில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர் நம் சோனக வணிகர். திரும்பும்போது பாக்கும் மிளகும் கொண்டு வந்தனர். 'தவளம்' என்பது இதற்குப் பெயர். நாட்கணக்கான அப்பயணத்தில் இரவு தலைசாய்க்க இடம் தந்தவை அம்பலங்களே. அவற்றைக் கட்டியவர்களும், பானையில் குடிநீர் நிரப்பி வைத்தவர்களும் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து மக்கள். கூலி கேட்டதில்லை. அவர்களுடைய புண்ணியத்தில் நம் முன்னோரும் இளைப்பாறினர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் பெருஞ்சாலை அமைந்தது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. தவளம் மறைந்தது, காசு கொடுத்துத் தங்கும் வாடிவீடுகள் வந்தன. அம்பலங்கள் பல பாழடைந்தன.

உஸ்மானியர் ஆட்சியிலும் இத்தகைய தங்குமிடங்கள் பல இருந்தன. அவற்றைக் 'கான்' என்பர். சைப்பிரஸ் நாட்டின் நிக்கோசியா நகரில் 1572இல் எழுந்த பெரிய கானில் 68 அறைகளும், முற்றத்தின் நடுவே ஒரு சிறு பள்ளிவாசலும் உண்டு. ஆங்கிலேயர் அதைச் சிறைச்சாலை ஆக்கினர். இப்போது செப்பனிடப்பட்டு, அதன் அறைகளில் கைவினைக் கடைகள் நடக்கின்றன. கடுகண்ணாவை அம்பலமோ இன்றும் வழிப்போக்கரை உட்கார வைக்கிறது. படம் எடுப்போரும் அங்கே நிற்கிறார்கள்.

கட்டடத்தைக் காப்பது நல்லதே. ஆனால் அதற்கு உயிராய் இருந்த வழக்கம் என்னவாயிற்று? ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்துச் சொல்கிறது திருக்குர்ஆன். ஊரில் வசதியுள்ளவரும் பயணத்தில் கையற்றவராகலாம் அல்லவா? கைக்குழந்தையோடு பஸ் நிலையத்தில் ஒதுங்க இடமின்றித் தவிக்கும் தாயை நீங்கள் பார்த்ததில்லையா?

மண்டபம் கட்ட எல்லோராலும் முடியாது. வாசலில் ஒரு பானைத் தண்ணீர், சிறிது நேரம் உட்கார ஒரு பலகை வைக்க முடியும். அவள் யார், எந்த மதம் என்று கேட்காமல் வையுங்கள். அம்பலத்துப் பானையை நிரப்பியவர்கள் நம் முன்னோரிடம் அதைக் கேட்கவில்லை.