மாண்டவரும் பழி சுமந்தவரும்

பந்தாட்டம் ஜனங்களை ஒன்றுபடுத்தும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். அது மெய்தானா என்ற ஐயம் எழும்போதெல்லாம் நம் நினைவில் வருபவர் ஜான் தாம்ஸன் என்னும் ஸ்காத்லாந்து வாலிபர்.

அந்நாட்டின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரு பந்தாட்டச் சங்கங்கள் உண்டு. முன்னதைக் கத்தோலிக்கரும் பின்னதைப் புராட்டஸ்டன்டுகளும் தமதெனக் கொண்டாடினர். இரு சாராரும் வணங்கியது ஒரே கிறிஸ்துவை. ஆயினும் திடலில் அவர்கள் பகைமைக்கு அளவில்லை.

தாம்ஸன் 1909-ஆம் ஆண்டில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. 14 வயதில் தாமும் சுரங்கத்தில் இறங்கினார். 1926-இல் செல்டிக் சங்கம் புராட்டஸ்டன்டான அவரைக் கோல் காவலராகச் சேர்த்துக்கொண்டது. 1927-லும் 1931-லும் ஸ்காத்திஷ் கோப்பை அச்சங்கத்துக்கே கிட்டிற்று. தம் தேசத்துக்காக நான்கு முறை ஆடினார்; அவற்றுள் ஒன்று, 1931-இல் இங்கிலாந்தை 2-0 என வென்ற ஆட்டம்.

1931 செப்டம்பர் 5 அன்று ஐப்ராக்ஸ் திடலில் இரு சங்கங்களும் எதிர்த்து ஆடின. ரேஞ்சர்ஸின் ஸாம் இங்கிலிஷ் பந்துடன் ஓடிவந்தார். தாம்ஸன் அவர் காலடியில் பாய்ந்தார். முழங்கால் தலையில் மோதிற்று. அன்றிரவே தாம்ஸன் மருத்துவசாலையில் உயிர் நீத்தார். வயது 22.

அவர் தரையில் கிடக்கையில் ரேஞ்சர்ஸ் அபிமானிகளுள் சிலர் ஆரவாரித்தனர். அக்கட்சியின் தலைவர் டேவி மீக்கில்ஜான் அவர்களை நோக்கிக் கையை உயர்த்தினார். ஆரவாரம் அடங்கிற்று. சவ அடக்கத்துக்கு ஆயிரமாயிரமாய் ஜனங்கள் திரண்டனர். வேலையற்ற ஏழைகள் பலர் கிளாஸ்கோவிலிருந்து 50 மைலுக்கு மேல் நடந்தே சென்றனர்.

ஆனால் ஸாம் இங்கிலிஷ்? நிகழ்ந்தது விபத்தே என்று விசாரணை முடிவு கூறிற்று. அப்பருவத்தில் லீக் ஆட்டங்களில் அவர் 44 கோல் போட்டார். எனினும் எதிர்க்கட்சி அபிமானிகள் அவரைக் கொலைகாரன் என்று தூற்றினர். 1933-இல் லிவர்பூல் சென்றார். பழிச்சொல்லும் உடன் சென்றது. 1938-இல் ஆட்டத்தையே துறந்தார். மாண்டவருக்காக அழுதவர்களே உயிரோடிருந்த ஒருவரை வாட்டினர்.

இதை எழுதும்போது நமக்கும் நாணம் மேலிடுகிறது. நாமும் திடலோரம் நின்று எதிராளி விழுந்தபோது கைகொட்டியவர்களே. மீக்கில்ஜான் அடக்கியது எதிர்க்கட்சியை அன்று; தம் கட்சியை. ஜாதியென்றும் சமயமென்றும் பிளவுண்ட எந்தச் சமூகத்திலும் சீர்திருத்தக்காரன் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே. பிறர் குற்றத்தைக் கண்டிக்கப் பெருந்துணிவு வேண்டுவதில்லை. நம் பக்கத்தார் கூச்சலிடும்போது, அவர்களை நோக்கி உயரும் கை நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.