மரப்பாதுகையும் தோற்பையும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில், காவியுடுத்தி, கழுத்தில் செபமாலை அணிந்து, வேளாங்கண்ணி அன்னையைக் காண நடந்தே புறப்படுவோர் எங்கள் வேலூர் மறைமாவட்டத்தில் பலர் உண்டு. ஆம்பூரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நாங்களும் சிலமுறை நடந்திருக்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்வதானால், நடந்தவை எங்கள் கால்கள் மட்டுமே. எங்கள் துணிமணி, அரிசி, பாத்திரம், மருந்து, பாய் அனைத்தும் பின்னால் ஒரு வேனில் வந்தன. சுமையில்லாத பயணம் பயணமாகுமா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது.

சென்ற தவக்காலத்தில் அக்கேள்விக்கு விடை காண முற்பட்டோம். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வழியாகப் பொன்னேரி சென்று, அங்கிருந்து ஏலகிரி மலையேறுவது, இரண்டு நாள் நடை, வழியில் ஓரிரவும் மலைமேல் ஓரிரவும் திறந்த வெளியில் தங்குவது, வேன் இல்லை. மேலும், இன்றைய கடைகளில் விற்கும் நைலான் பைகளையும் கூடாரங்களையும் விலக்கி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் நடந்தே மறைபரப்பிய குருக்களும் அவர்களுடன் சென்ற உபதேசியார்களும் எவற்றைச் சுமந்திருப்பார்களோ அவற்றையே சுமப்பது என்று முடிவு செய்தோம். நாங்கள் ஆறு பேர். ஓர் ஆசிரியர், இரண்டு காலணித் தொழிற்சாலை ஊழியர்கள், ஒரு வங்கி எழுத்தர், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. ஆறாவதாக, பங்கில் எல்லாரும் 'பெரியப்பா' என்று அழைக்கும் முதியவர். நாற்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் உழைத்து ஓய்ந்தவர்.

பொருள் சேர்ப்பதே ஒரு மாத வேலையாயிற்று. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரைப் பற்றிப் படித்தோம். காவி உடை, கையில் கோல், தண்ணீருக்குக் கமண்டலம், காலில் மரப்பாதுகை எனத் துறவியின் கோலம் பூண்டு, புலால் விலக்கி வாழ்ந்தவர் அவர். நாங்களும் அப்படியே பட்டியல் எழுதினோம். காவி நிறக் கைத்தறித் துணியில் தோள் மூட்டை. கமண்டலத்துக்கு ஈடாகச் சுரைக்குடுவை. போர்த்துவதற்கும் விரிப்பதற்கும் மழைக்கும் ஒன்றாக உதவும் கறுப்புக் கம்பளி. கேழ்வரகு மாவு, அவல், பொரிகடலை, வெல்லம், உப்பு, புளி. ஒரு பித்தளைச் செம்பு. தீ மூட்ட மட்டும் தீப்பெட்டி. அதில் பழைமை பேண எங்களுக்குத் திறமையில்லை. கோயில் இல்லாத ஊர்களில் திருப்பலி நிறைவேற்ற, அர்ச்சிக்கப்பட்ட சிறு பீடக்கல்லை உடன் கொண்டு செல்வது அக்காலக் குருக்களின் வழக்கம். அதன் நினைவாக ஒரு கடப்பைக்கல் துண்டை எடுத்துக்கொண்டோம். அதைச் சுமக்கும் பேறு தம்பிக்கு வாய்த்தது.

மரப்பாதுகை கிடைப்பது அரிதாக இருந்தது. தச்சர் ஒருவரிடம் சொல்லி இரண்டு இணை கடைந்து வாங்கினோம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் குமிழ் பொருந்தும் வகை. பங்குக் கூடத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டு 'டக் டக்' என்று நடந்து காட்டியபோது பெரியப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, அந்தக் காலத்துச் சாமிங்க தோல் செருப்பு போட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆசிரியர் விளக்கினார்: "உயர்குலத்தார் தோலைத் தீட்டு என்று கருதிய காலம் பெரியப்பா. தோல் செருப்பு போட்டவரை அவர்கள் வாசலில் சேர்க்க மாட்டார்கள். அதனால் சாமிகள் அதை விலக்கினார்கள்."

பெரியப்பா தலையசைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்போ எங்க ஊட்டு வாசலுக்கு அவங்க வந்திருக்க மாட்டாங்க."

கூடத்தில் பாதுகைச் சத்தம் நின்றது.

அவர் சொன்னதில் வரலாறு முழுவதும் அடங்கிவிடவில்லை என்பது உண்மை. 1640-ஆம் ஆண்டிலிருந்தே, ஒடுக்கப்பட்ட மக்களிடமும் செல்லவென்று 'பண்டார சாமிகள்' என்னும் தனி முறை மதுரை மறைப்பணித் தளத்தில் தோன்றிவிட்டது. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியான அருளானந்தர் அந்தப் பண்டார சாமிகளில் ஒருவரே. அவரை 1947-இல் திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்தது. இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆயினும் ஒருவருக்கு இரண்டு வகைச் சாமிகள் வேண்டியிருந்தார்கள் என்பதே பெரியப்பாவின் கேள்விக்கு விடையாகிவிடுகிறதல்லவா? எங்களால் அவருக்கு மறுமொழி கூற இயலவில்லை.

இயலாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களில் மூவருடைய தந்தையர் தோல் பதனிட்டவர்கள். பள்ளிப் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நாங்கள் 'கூலி' என்று எழுதினோம்; ஒருவர் 'வியாபாரம்' என்றே எழுதினார். அப்பாவின் சட்டையில் படிந்திருந்த அந்த வாடை எங்கள் புத்தகப் பையில் ஒட்டிவிடக் கூடாதென்று பையை வீட்டுக்கு வெளியே மாட்டி வைத்தவர்களும் எங்களில் உண்டு. தோல் இல்லாத மூட்டையைக் கட்டும்போது நாங்கள் பின்பற்றியது நொபிலி அடிகளாரை மட்டும்தானா? எங்கள் பழைய வெட்கத்தையும் சேர்த்தே பின்பற்றினோம்.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா ஒரு தோற்பையோடு வந்தார். மாட்டுத் தோல்; தேன் நிறம்; தோளில் மாட்டப் பட்டை வார்; நூலுக்குப் பதில் தோல் நாடாவால் தைத்தது. "ஆவாரம்பட்டைத் தோல். இப்போ யாரும் போடறதில்ல. பழைய ஷாப்புல ஒரு துண்டு வாங்கி வெச்சிருந்தேன்" என்றார்.

அன்று மாலை அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழி. அதில் மயிர்க்கால் தளரும். மயிரைச் சுரண்டி, மறுபுறம் ஒட்டிய சதையைச் சீவி, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய நீரில் குழி மாற்றிக் குழி மாற்றி வாரக்கணக்கில் போட வேண்டும். பிறகு கடுக்காய்த் தண்ணீர். கடைசியில் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்த வேண்டும். "அவசரப்பட்டா தோல் வெடிச்சிரும்" என்றார். இப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தென்னகத் தோலுக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் இருந்தது. 2008-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எங்கள் ஊர்களில் பெரும்பாலான தொழிற்சாலைகள் அதற்கு நெடுநாள் முன்பே குரோமியத்துக்கு மாறிவிட்டன. வாரங்கள் எடுத்த வேலை, சுழலும் பீப்பாயில் ஓரிரு நாளில் முடிந்தது.

அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. பெரியப்பா அதையும் மறைக்கவில்லை. "ஆத்தக் கெடுத்ததுல எங்க கையும் உண்டு தம்பி. வேற வேலை தெரியாது, வாய் தொறக்கவும் தெரியாது" என்றார். 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி, நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உரைத்த தீர்ப்பு அது. பாலாற்றங்கரையில் கெட்டுப்போன கிணறுகளின் கதை இவ்வாறு இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. ஆனால் கெட்ட கிணறு சட்டத்தால் மட்டும் தெளிந்துவிடுவதில்லை.

புறப்படும் நாள் வந்தது. விடியற்காலை நான்கு மணிக்குப் பங்குச்சாமி எங்களுக்கு ஆசீர் வழங்கினார். மூட்டைகளை நிறுத்துப் பார்த்திருந்தோம். ஆளுக்கு எட்டு கிலோ. தம்பிக்குப் பீடக்கல்லோடு பதினொன்று. காவி மூட்டைகளுக்கு நடுவில் பெரியப்பாவின் தோளில் மட்டும் தோற்பை. வாங்கிச் சுமக்க எங்களில் யாரும் முன்வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மரப்பாதுகையின் பெருமை மூன்று கிலோமீட்டர் வரைதான் நீடித்தது. தார்ச்சாலையில் அது வழுக்கியது. குமிழ் விரலிடுக்கை அறுத்தது. ஆசிரியருக்கும் வங்கி எழுத்தருக்கும் கொப்புளம் உடைந்து இரத்தம் கசிந்தது. வெறுங்காலோடு நடக்கலாம் என்றால் வெயில் ஏறிவிட்டிருந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் அமர்ந்தோம். பெரியப்பா ஒன்றும் பேசாமல் தம் தோற்பையைத் திறந்து இரண்டு இணைத் தோல் செருப்புகளை எடுத்து வைத்தார். யாரும் கேட்காமலே, அளவும் கேட்காமலே, பங்குக் கூடத்தில் எங்கள் கால்களைப் பார்த்தே தைத்திருக்கிறார். நாங்கள் பாதுகையில் வேடிக்கை காட்டிய அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்பது அப்போதுதான் விளங்கியது. கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி, செருப்பை அவரே மாட்டிவிட்டார். "வேணாம் பெரியப்பா" என்று கால்களை இழுத்துக்கொண்டவர்களிடம், "கால நீட்டுங்க சாமி" என்றார்.

அன்றிரவு வாணியம்பாடியைத் தாண்டி ஒரு மாந்தோப்பில், உரியவரின் அனுமதியோடு, கம்பளி விரித்துத் தங்கினோம். கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் குடித்தபின் திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம், பத்தாம் அதிகாரங்களை வாசித்தோம். இராயப்பர் யோப்பா நகரில் பல நாள் தங்கியது யாருடைய வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடுவது தீட்டு என்பது யூதச் சட்டம். தோல் பதனிடும் இடம் ஊருக்கு வெளியே ஐம்பது முழம் தள்ளியிருக்க வேண்டும் என்று அவர்களது மிஷ்னா நூல் விதிக்கிறது. அப்படித் தள்ளி வைக்கப்பட்ட ஒருவனுடைய வீட்டு மாடியில்தான், எல்லா விலங்குகளும் நிறைந்த விரிப்பு வானிலிருந்து இறங்குவதைத் திருத்தூதர் கண்டார். எம்மனிதரையும் தீட்டென்று சொல்லலாகாது என்று அவர் கற்றதும், பிற இனத்தாராகிய கொர்னேலியுவின் வாசலை மிதித்ததும் அதற்குப் பிறகே. திருச்சபையின் கதவு நமக்கெல்லாம் திறந்த இடம் ஒரு தோல் தொழிலாளியின் வீடு. நூறு முறை கேட்ட பகுதிதான். ஆனால் ஆம்பூரில் பிறந்த நாங்கள் அந்தச் சீமோனை ஒருநாளும் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை.

பேச்சு வளர்ந்தது. விலக்கப்பட்ட ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோலாடை செய்து உடுத்தியவர் கடவுளே என்றார் ஆசிரியர். பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரத்துக்கு ஆட்டுக்கிடாய்த் தோல் மேல்விரிப்பாயிற்று. திருமுழுக்கு யோவான் இடையில் கட்டியது தோல் கச்சை. கொரிந்து நகரில் அக்கிலாவோடும் பிரிஸ்கில்லாவோடும் அமர்ந்து கூடாரம் செய்து பிழைத்தவர் சின்னப்பர். பெரியப்பா சிரித்தார். "நம்ம பக்கமும் அப்படித்தானே. கவலை ஏத்தத்துல தண்ணி வந்தது தோல் வழியா. அந்தத் தண்ணியில வெளஞ்ச நெல்லு யாருக்கும் தீட்டில்ல. தைச்சவன் மட்டும் தீட்டு" என்றார். அவர் கம்பளியில் கால் நீட்டியபோதுதான் தீயொளியில் அவருடைய பாதங்களைக் கண்டோம். விரல் நகங்கள் பாதிக்குமேல் இல்லை. பழைய காலத்தில் சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு இறங்கி நின்ற கால்கள் அவை. எங்கள் பார்வையை உணர்ந்து அவர் கால்களைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் பொன்னேரியிலிருந்து மலையேறினோம். ஏலகிரிப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். சிலுவைப் பாதையின் நிலைகளும் பதினான்கே. ஒவ்வொரு வளைவிலும் ஒரு நிலையாக முழந்தாளிட்டுச் செபித்து ஏறினோம். ஐந்தாம் வளைவில், ஆண்டவரின் சிலுவையைச் சீரேனே ஊரானாகிய சீமோன் சுமந்ததைத் தியானித்து எழுந்தபோது, பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வங்கி எழுத்தர், சிறுவயதில் புத்தகப் பையை வெளியே மாட்டி வைத்தவர், எதுவும் சொல்லாமல் அந்தத் தோற்பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். மீதி ஒன்பது நிலைகளும் அதை மாறிமாறிச் சுமந்தோம். வியர்வை பட்டுத் தோல் கறுத்தது. வெயிலில் அதிலிருந்து ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் எண்ணெயும் கலந்த மணம் எழுந்தது. எங்கள் அப்பாக்களின் சட்டை மணம். ஒருவர் அழுதார், நாங்கள் கண்டுகொள்ளாமல் நடந்தோம்.

மலையுச்சியில் அந்தக் கடப்பைக்கல்லை நிறுத்தி, அதன்மேல் பாடுபட்ட சுரூபத்தை வைத்து நன்றி கூறினோம். கல்லின் அடியில் விரிப்பாகப் போட்டது தோற்பையை.

பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்குக்குப் பெரியப்பாவை ஆண்டுதோறும் அழைப்பார்கள். அவர் ஆண்டுதோறும் ஏதேனும் காரணம் சொல்லி விலகிவிடுவார். காரணம் எங்களுக்கு இப்போது தெரியும். நாங்கள் ஐவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். "அந்தக் கால யாரு பார்ப்பா?" என்றார். "எங்கள் காலைத் தொட்டுச் செருப்பு மாட்டினீர்களே, அப்போது நாங்கள் என்ன சொன்னோம் பெரியப்பா?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசாதிருந்தார்.

அன்று மாலை பன்னிருவரில் ஒருவராக அவர் அமர்ந்தார். பங்குச்சாமி முழந்தாளிட்டு, நகமிழந்த அந்த விரல்களில் நீர் வார்த்துத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார்.