மடக்கு மேசையும் அப்பத்தாவின் முழங்காலும்

உக்கடம்னு சொன்னா பலருக்கு பஸ் ஸ்டாண்டும் மீன் மார்க்கெட்டும் பெரியகுளமும்தான் ஞாபகம் வரும். 2024-ல திறந்த மேம்பாலத்தையும் இப்ப சேத்துக்கலாம். எனக்கு பழைய சாமான் கடைங்கதான். காலேஜ் விட்டு வர்ற வழியில அங்க நின்னு வேடிக்கை பாக்காம வீட்டுக்கு வந்த நாள் குறைவு.

எங்க வீட்டுல சாப்பிடற இடம் எட்டடிக்கு ஒம்பதடி. அதுலயே பிரிட்ஜ், அதுலயே சமையக்கட்டுக்குப் போற வழி. அதனால எப்பவும் தரையில பாய் விரிச்சுத்தான் சாப்பாடு. போன வருஷம் அப்பத்தாவுக்கு முழங்கால் மடக்க முடியாம போச்சு. ஹால்ல பிளாஸ்டிக் சேர்ல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு தனியா சாப்பிட ஆரம்பிச்சாங்க. "நீங்க உக்காருங்க கண்ணு, எனக்கென்ன"ம்பாங்க. நாளாக நாளாக, "பசியில்ல"ன்னு சோறே குறைஞ்சு போச்சு.

அப்பதான் ஒரு கடையில அந்த மேசையப் பாத்தேன். நடுப்பலகை ஒரு அடி அகலம், மூணடி நீளம். ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி இறக்கை கீழ தொங்குது. இறக்கையத் தூக்கி, உள்ள இருக்கற காலை கேட் மாதிரி வெளிய இழுத்தா பலகை அது மேல உக்காந்துக்கும். இங்கிலாந்துல 17-ஆம் நூற்றாண்டுலயே இப்படி கேட் கால் மேசை செஞ்சிருக்காங்க. நம்ம ஊர் மலை பங்களாக்களுக்கு வெள்ளைக்காரங்க காலத்துல வந்த சாமான்ல இதுவும் உண்டு.

"குன்னூர் பங்களா சாமான் தம்பி, பர்மா தேக்கு"ன்னார் கடைக்காரர். (உக்கடத்துல எந்தக் கட்டை பர்மா தேக்கு இல்ல, சொல்லுங்க!) "பாய், ஒருக்கா கவுத்துப் பாக்கலாமா?"ன்னேன். இந்த மேசையோட ஜாதகம் அடிப்பக்கம்தான். வருஷக்கணக்கா கால் இழுத்து விட்டிருந்தா இறக்கைக்கு அடியில வில்லு மாதிரி தேய்ஞ்ச கோடு இருக்கணும். மேல பழசு மாதிரி சாயம் பூசிட்டு கீழ கோடே இல்லைன்னா சந்தேகப்படுங்க. இதுல கோடு நல்லா பள்ளமாவே இருந்துச்சு. குன்னூரோ குனியமுத்தூரோ, உழைச்ச மேசை.

6500 சொன்னார், 4800-க்கு முடிஞ்சது. "பழைய கட்டையில மூட்டைப்பூச்சி வரும்டா"ன்னு அப்பா ரெண்டு நாள் முறைச்சார். தேய்மானம் போட்டா இதோட புத்தக மதிப்பு எப்பவோ பூஜ்யம்னு நான் பி.காம். விளக்கம் குடுத்தேன். அது எடுபடல. ஆசாரி வந்து ஓட்டைங்களத் தட்டிப் பாத்து, "பூச்சி இல்லீங்க, பழைய ஆணி ஓட்டை"ன்னு சொன்னப்புறம்தான் உள்ள விட்டார். லூசா இருந்த கீல் திருகாணி ஓட்டைகள்ல பசை தடவின குச்சிய அடிச்சு, திரும்ப முடுக்கிக் குடுத்தார் ஆசாரி.

முதல் நாளே ஒரு பயம். அப்பத்தா எந்திரிக்கறப்போ இறக்கையோட ஓரத்துல கையை ஊன, எதிர்ப்பக்கம் மேசை லேசா தூக்குச்சு. அம்மா ஓடிப் போய்ப் பிடிச்சாங்க. இந்த மேசைக்கு பலம் நடுவுலதான், ஓரம் தட்டு வைக்க மட்டும். அதனால ஒரு இறக்கைய மடிச்சு சுவத்தோட ஒட்டிப் போட்டு, அப்பத்தா சேரை குறுக்குப் பக்கம், நடுப்பலகைக்கு நேரா மாத்தினோம். இப்ப கை ஊனற இடம் ஆடறதில்ல. கொதிக்கற குழம்புச் சட்டிய நேரா வெச்சா பாலிஷ்ல வெள்ளை வட்டம் விழுது, அதுக்குக் கீழ ஒரு பழைய பிரிமணை.

பாய் சுருட்டி மூலையில நிக்குது. அப்பத்தா மறுசோறு கேக்கறாங்க. கூடவே, ரசத்துல உப்பு கம்மின்னு அம்மாகிட்ட சண்டையும் திரும்ப ஆரம்பிச்சாச்சு :)

ஞாயித்துக்கிழமை அத்தை வந்தா ரெண்டு இறக்கையும் விரிச்சு ஆறு பேர் உக்காருவோம். அப்ப பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும். தயிரை முன்னாடியே எடுத்து வெச்சுக்கறோம்.