நகமும் பல்லும்

சாலிகோதீர் என்றொரு விலங்கினம் இருந்தது. குதிரை, காண்டாமிருகம், தபிர் ஆகியவற்றின் தாயாதி. ஆயினும் விரல்களில் குளம்பு இல்லை, வளைந்த பெருநகங்கள். தின்றதோ தழை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோயிற்று. தமிழில் நகக்குதிரை என்று சொல்லிப் பார்த்தோம், ஒட்டவில்லை.

எலும்புகள் துண்டு துண்டாகவே கிடைத்தன. ஜெர்மனியின் எப்பெல்ஸ்ஹைமில் அகப்பட்ட ஒரு நக எலும்பைக் கண்ட குவியே, மாபெரும் அழுங்கு என்றார். ஓர் உறுப்பைக் கொண்டே முழு விலங்கையும் உரைத்துவிடலாம் என்று நம்பியவர் அவர். அந்நம்பிக்கை பலமுறை பலித்தும் இருக்கிறது. அவ்வூரிலேயே கிடைத்த பற்களைக் குளம்பினத்தவை எனக் கண்ட கௌப், 1833இல் சாலிகோதீரியம் என்று பெயரிட்டார். சரளைக்கல் விலங்கு என்று பொருள். தெற்குப் பிரான்சின் சான்சானிலும் கால் ஒரு பெயரில், பல் வேறொரு பெயரில். அமெரிக்காவில் 1877இல் மோரோபஸுக்குப் பெயர் சூட்டிய மார்ஷும் அதை எறும்புதின்னிகளின் வரிசையில்தான் வைத்தார். கௌபுக்கு அரை நூற்றாண்டுக்கும் பின்னரே, சான்சான் எலும்புகளை ஆராய்ந்த ஃபிலோல் நகமும் பல்லும் ஒரே உடலின் உறுப்புகள் எனக் காட்டினார். கிளையை வளைத்திழுக்கத்தான் அந்த நகம். சாலிகோதீரியம் அதை உள்மடக்கி, விரல் முட்டிகளை ஊன்றி நடந்ததாம்.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கடற்கரை ஊரவன். தேர்வுத்தாளில் சந்திப்பிழை மலிந்திருக்கும்; வகுப்பில் வாய் திறவான். அவன் நெய்தல் திணை குறித்து ஒரு கட்டுரை தந்தான். உப்பின் ஈரம், மீன் உணங்கும் மணல், கரையில் நின்று படகுகளை எண்ணும் பெண்கள். நாம் அதுவரை அத்திணையைக் கரும்பலகையில் மட்டுமே கண்டிருந்தோம் என்று தோன்றியது. ஆனால் கையிலிருந்த சிவப்பு மையால் 'இது உன் எழுத்தன்று' என்றெழுதித் திருப்பிக் கொடுத்தோம். அவன் வழக்காடவில்லை. பெற்றுக்கொண்டு போய் அமர்ந்தான்.

அவனுடைய விடுதித் தோழன் இன்று பள்ளியாசிரியன். ஒரு திருமண வீட்டில் பந்தியில் அருகமர்ந்தவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "அதை அவன் அஞ்சு தடவை அடிச்சு அடிச்சு எழுதினான் ஐயா, விளக்கை அணைக்கச் சொல்லி நாங்க சண்டைகூடப் போட்டோம்."

அவன் முகவரி தோழனுக்கும் தெரியவில்லை. படிப்பு முடிந்ததும் வளைகுடா போனதாகக் கேள்வி. கட்டுரையின் படியும் நம்மிடம் இல்லை. உப்பளத்துப் பத்தி மட்டும் நினைவிலிருக்கிறது, அதிலும் பாதி.