ஏழாம் நம்பர் ஷூ

என் மாமனாருக்கு வயது 74. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. "தினமும் அரை மணி நடங்க" என்று டாக்டர் சொன்னதும், வேட்டியை மடித்துக் கட்டி, தேய்ந்த ரப்பர் செருப்போடு கிளம்பிவிட்டார். ஒருநாள் மடிப்பு அவிழ்ந்து, வேட்டி நுனி காலில் சிக்கி, வாசற்படியில் தடுமாறினார். நல்ல வேளை, கதவைப் பிடித்துக்கொண்டார்.

இனி இப்படி விடக் கூடாது என்று நானே கடைக்குப் போனேன். பழைய செருப்பில் 7 என்று போட்டிருந்தது. அதே நம்பரில் அழகான ஷூ ஒன்று வாங்கி வந்தேன். மாமா போட்டுப் பார்த்து, "ஜோரா இருக்கும்மா" என்றார். எனக்கு ஒரே பெருமை!

எட்டாம் நாள் துவைக்க எடுத்த காலுறையில் ரத்தக் கறை. ஓடிப்போய்க் காலைப் பார்த்தால், சுண்டுவிரல் ஓரம் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது.

"வலிக்கலையா மாமா?"

"ஒண்ணும் தெரியலையேம்மா. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துது. நீ ஆசையா வாங்கினதாச்சேன்னு சொல்லலை."

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பாதி இடங்களில் மாமாவுக்குத் தெரியவே இல்லை! நாள்பட்ட சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்துவிடுமாம். ஷூ கடித்தாலும் உறைக்காது. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரல் தப்பியதே பெரிய காரியம்.

இரண்டாவது தடவை மாமாவையே கூட்டிக்கொண்டு, சாயங்காலமாகப் போனேன். பொழுது சாயச் சாயக் கால் சற்று வீங்கும். அப்போது பொருந்துவதுதான் நிஜ அளவு. வீட்டிலேயே அவரை நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் காகிதத்தில் பென்சிலால் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். ஷூவை அதன் மேல் வைத்தால், கோடு எந்தப் பக்கமும் வெளியே தெரியக் கூடாது. நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். முன்பக்கம் அகலம், உள்ளே உறுத்தாத தையல், வழுக்காத அடிப்பாகம், குனிந்து முடிச்சுப் போட வேண்டாத ஒட்டுப் பட்டை, எல்லாம் பார்த்தோம். கடைசியில் பொருந்தியது ஒன்பதாம் நம்பர்!

அடுத்தது ஷார்ட்ஸ். "இந்த வயசில் அரை டிராயரா? தெரு சிரிக்கும்!" என்று மாமா ஒரே பிடிவாதம். முழங்காலை மூடும் பருத்தித் துணியில், இடுப்பை வெட்டாத எலாஸ்டிக்கும் நாடாவும் வைத்ததாகத் தேடினேன். கடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, படி ஏறுவதுபோல் காலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். எங்கும் பிடிக்கவில்லை. ஆழமான பையில் கைக்குட்டையும், திடீரென்று சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள நாலு மிட்டாயும் இருக்கும். ஒரு வாரம் மொட்டை மாடியில் நடந்து பழகினார். இப்போது தெருவிலேயே நடக்கிறார். யாரும் சிரிக்கவில்லை!

போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு மாமாவின் பாதத்தைப் பார்ப்பது அத்தையின் வேலை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் "நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வார்கள். வாயை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்.

அந்த ஏழாம் நம்பர் ஷூவா? என் பையன் போட்டுக்கொண்டு திரிகிறான்.