பேனாக்கத்தி

என்னிடம் 31 கத்திகள் இருக்கின்றன. இதைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். எல்லாம் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிற பேனாக்கத்திகள்தாம். அதுவும் அமெரிக்காவில் செய்த பழைய கத்திகள். பென்ஸில்வேனியாவில் குடியிருக்கும் என் மகள் வீட்டுக்கு வருஷத்தில் சில மாதம் போய் இருப்பேன். பொழுது போகாமல் அங்கே ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது பொழுது போதவில்லை.

பேனாக்கத்தி என்ற சொல்லையே பாருங்கள். பேனாவுக்கும் கத்திக்கும் இன்று என்ன சம்பந்தம்? இறகின் முனையைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அதைச் சீவுவதற்கென்று வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கத்தியின் மேல் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று மகளிடம் நான் வாதாடுவது இதை வைத்துத்தான்.

ஒரு காலத்தில் அமெரிக்கர்களின் பையில் இருந்தது பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி. 1890-ல் வந்த மக்கின்லி சட்டம் இறக்குமதி வரியை உயர்த்திற்று. ஷெஃபீல்டுச் சரக்கின் விலை ஏறியது. உள்ளூர்ப் பட்டறைகள் தழைத்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டறைகள் பலவற்றில் வேலை செய்தவர்கள் ஷெஃபீல்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளிகளே. வரி சரக்கைத்தான் தடுக்கும், கைத்திறனைத் தடுக்காது.

முதல் உலக யுத்தம் முடிந்தபின், ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி 1920-ல் பேனாக்கத்தி செய்யப் புகுந்தது. பிடியில் சின்னத் தோட்டா உருவம் பதித்த அதன் கத்திகளுக்காகச் சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள். பிராட்போர்டு என்ற ஊரில் கேஸ் கம்பெனி இன்னும் கத்தி செய்துகொண்டிருக்கிறது. கத்தியின் வயதைத் தெரிந்துகொள்ள, அலகைத் திறந்து, பிடிக்குள் நுழையும் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். முத்திரை அங்கேதான் இருக்கும். கேஸ்காரர்கள் 1970-ல் அந்த முத்திரையோடு பத்துப் புள்ளி வைத்தார்கள். மறு வருஷம் ஒன்பது. இப்படிக் குறைத்துக்கொண்டே போய் 1979-ல் ஒரே புள்ளி. ஜாதகத்தை உடம்பிலேயே எழுதிக்கொண்டு பிறந்த குழந்தைகள்!

பிடிகளுக்கும் குணாதிசயம் உண்டு. செல்லுலாய்டுப் பிடி பார்க்க அழகு. ஆனால் வயதானால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து ஒருவித ஆவி விட ஆரம்பிக்கும். அந்த ஆவி தன் அலகை மட்டுமல்ல, பக்கத்தில் சும்மா இருக்கும் கத்தியையும் துருப்பிடிக்க வைத்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவற்றைத் தனி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மான்கொம்புப் பிடியோ நம் நாட்டுக் கடமானின் கொம்பு. காட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அந்த ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. அந்தப் பிடியை எடுக்கும்போது, ஊரைவிட்டு வந்த இன்னொருவரின் கையைப் பிடித்துக் குலுக்குவது போல இருக்கும்.

இந்தக் கலையில் என் குரு, தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கர். அவருடைய சித்தாந்தம் எளிமையானது: உபயோகிக்காத கத்திக்குத்தான் விலை. ஒரு முறை தீட்டினால் பாதி போயிற்று. விரல் ரேகைகூடப் படியக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரோடு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். குடியானவர் ஒருவர் காலமாகிவிட்டார். மகள் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கத்திகள். மூடியில் பென்ஸிலால் தகப்பனாரின் பெயர். எதை எடுத்தாலும் மூன்று டாலர். கிளறினேன். அடியில், தோட்டா பதித்த ரெமிங்டன்! குரு என் முழங்கையை இடித்தார்.

பேசாமல் மூன்று டாலரைக் கொடுத்திருந்தால் யாரும் அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். விலை சொன்னது அவர்; கொடுப்பது நான். இந்தப் பழக்கத்தின் ருசியே இப்படிப்பட்ட நிமிஷத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பென்ஸில் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"இதை இந்த விலைக்கு விற்காதீர்கள், அம்மா. பல நூறு டாலர் பெறும். தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்" என்றேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பெட்டியையே மூடிக் காலடியில் வைத்துக்கொண்டார். மேஜை மேல் ஒரு கத்திதான் மிஞ்சியது. கன்றுகாலி வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் மூன்று அலகுக் கேஸ் கத்தி. பெரிய அலகு தீட்டித் தீட்டித் தென்னங்குச்சி போல மெலிந்திருந்தது.

"அப்பா தினமும் வைத்திருந்தது. இதுவும் விலை போகுமா?" என்று கேட்டார்.

"போகாது."

"அப்படியானால் மூன்று டாலர்."

கொடுத்தேன். திரும்பும் வழி முழுவதும் குரு என்னோடு பேசவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் பெரிய கத்தித் தொழிற்சாலையான ஷ்ரேடு 2004-ல் மூடிவிட்டது. 2001-க்குப் பிறகு விமானத்தில் கையோடு எடுத்துப் போக முடியாது. பேரனின் பள்ளிக்கூடத்தில் பேனாக்கத்தியோடு நுழைந்தால் தகப்பனாரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு நாட்டின் ஆண்பிள்ளைகள் எல்லாருடைய பையிலும் இருந்த சாமான், கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அங்கே துருப்பிடிக்காமல் இருக்கும். வேறு ஒன்றும் செய்யாது.

மெலிந்த கத்தியை மட்டும் நான் பெட்டியில் வைக்கவில்லை. ஆப்பிள் நறுக்குகிறேன், கடிதம் பிரிக்கிறேன், பென்ஸில் சீவுகிறேன். திறக்கும்போது அதன் வில் இன்னும் 'டக்'கென்று கணீரென ஒலிக்கிறது. குருவிடம் இதைச் சொல்வதில்லை.

எனக்குப் பிறகு பேரனுக்கு உதவட்டும் என்று ஒரு நோட்டில் 30 கத்திகளின் வருஷத்தையும் விலையையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் விலை எழுதவில்லை. தீட்டுக்கல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.