சல்லிக் கணக்கு

கோவில்பட்டிக்காரனிடம் போய், "கடலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். பாகு எந்தப் பதத்தில் இறக்கணும், ஏலக்காய் எப்போ போடணும் என்று எழுதிக்கொடுப்பான். எங்களுக்குத் தெரிந்த கடலை அதுதான். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட கடலை!

இன்னொரு கடல், அதாவது அலை அடிக்கிற, உப்புக் கரிக்கிற கடல், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடியில் இருக்கிறது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் கரிசல்காட்டு மனுஷனுக்கு அது வெளிநாடு மாதிரி. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்குகிற மண், காய்ந்தால் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிக்கிற மண். இந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான். அதுவும் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் கிரவுண்ட்.

ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் (பி.காம். படித்த புத்தி, எதையும் கணக்காகத்தான் பார்க்கும்) எங்கள் கரிசலும் அந்தக் கடலும் பழைய பிசினஸ் கூட்டாளிகள். கரிசலில் வெடித்த பருத்தி, 1870-களில் ரயில் வந்த பிறகு மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடிக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல். கப்பல் கரைக்கு வராது. ஏனென்றால், ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தோணிகள்தான் சரக்கைச் சுமந்தன. கடலைத் தூர்த்து உண்டான குடி என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம்கூடச் சொல்வதுண்டு.

ஒட்டப்பிடாரத்துக் கரிசலில் பிறந்த வ.உ.சி., 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தாரே, அந்தக் கப்பலில் ஏற நினைத்த பயணிகளும் சின்னப் படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1974-ல் பெரிய துறைமுகம் வந்த பிறகுதான் பெரிய கப்பல்கள் நேராக உள்ளே வந்து நிற்க முடிந்தது.

தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்தை விடவில்லை. பாய்மரம் போய் எஞ்சின் வந்தது. மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போகிற மரத் தோணிகளை அங்கே பார்க்கலாம். தோணியின் கேப்டனுக்குத் 'தண்டல்' என்று பெயர். அப்படித் தண்டலாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வள்ளம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியோடு தீவுகளின் பக்கம் போய்வரும் வாய்ப்பு ஒரு செய்திக்காகக் கிடைத்தது. வனத்துறை அனுமதியோடு, தீவில் இறங்குவதில்லை என்ற நிபந்தனையோடு.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வரிசையாக 21 தீவுகள். 1986-ல் இதைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பெரும்பாலானவை ஆள் இல்லாத, உயரமும் இல்லாத மணல் திட்டுகள். சுற்றிலும் பவளப் பாறைகள்.

"லைஃப் ஜாக்கெட்டை நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. "இடுப்பளவு தண்ணிதானே அண்ணாச்சி?" என்றேன்.

சிரித்தார். "தம்பி, ஆழக் கடல்ல பயம் கெடையாது. ஆழம் கம்மியான எடத்துலதான் பயம். ஆழத்துல கப்பல் மெதக்கும். இங்கன தட்டும்."

இந்த ஒரு வரிக்குள் மொத்தப் பாடமும் இருக்கிறது. அதிலும் இந்தப் பகுதியில் கடல் ஏறி இறங்குகிற உயரம் ஒரு மீட்டர்கூடத் தேறாது. உலகத்தில் சில இடங்களில் படகு தரை தட்டினால், அடுத்த ஏற்றம் வரட்டும் என்று டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். ஏற்றம் பல அடி உயர்ந்து படகைத் தூக்கி விட்டுவிடும். இங்கே அந்தச் சலுகை பெரிதாக இல்லை. தட்டினால் தட்டியதுதான்.

அப்புறம் எப்படி ஓட்டுகிறார்கள்? கண்ணால்!

"கருநீலமா இருந்தா ஆழம். பச்சையா இருந்தா மணலு, ஒரு ஆளு ரெண்டு ஆளு ஆழம் இருக்கும். வெளிறிப்போயிக் கெடந்தா மேடு. பழுப்புத் திட்டா தெரியுதுல்லா... அது பாரு."

பார்த்தேன். "பாருன்னா பாக்கச் சொல்லல தம்பி. பாருன்னா பாறை. பவளப் பாறை!"

ஆனால், வண்ணத்தை நம்பியும் ஏமாறக் கூடாது. கடல்புல் அடர்ந்த இடமும் பாறை மாதிரியே கறுப்பாகத் தெரியும். மேகத்தின் நிழலும் அப்படித்தான். நிழல் நகரும், பாறை நகராது. அதுதான் வித்தியாசம். சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னும், அடியில் இருப்பது எதுவும் தெரியாது. தீவுகள் கிழக்கே, கரை மேற்கே. அதனால் சாயங்காலம் திரும்பினால் வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். அண்ணாச்சி மத்தியானமே திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

சந்தேகம் வந்தால் எஞ்சினைக் குறைத்துவிட்டு, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்குவார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கடலின் ஆழத்துக்கு மீனவர்களின் அளவுகோல் அதுதான். குண்டின் அடியில் கொஞ்சம் மெழுகோ கொழுப்போ தடவிவிட்டால் மணல், சேறு, சிப்பித் தூள் என்று அடியில் இருப்பதன் சாம்பிளும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். உலகம் முழுக்கக் கடலோடிகள் செய்த வேலை இது. அமெரிக்காவுக்குப் பக்கத்தில் பஹாமாஸ் என்று சுமார் 700 தீவுகள் இருக்கின்றன. சொந்தப் பாய்மரப் படகில் உல்லாசமாகச் சுற்றுகிற பணக்காரர்களின் சொர்க்கம். அங்கேயும் இதே பாடம்தான். வெயில் ஏறிய பிறகு கிளம்பு, தண்ணீரின் நிறம் பார், மேகம் மூடினால் நில்.

"இப்பதான் ஜி.பி.எஸ். இருக்கே அண்ணாச்சி?"

"இருக்கு. நாம எங்க நிக்கோம்னு அது கரெக்டா சொல்லும். நமக்குக் கீழ போன மாசம் இருந்த மணலு இன்னைக்கு எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியாதுல்லா?"

ஒரு தீவின் மறைவில், வெளிர்ப் பச்சையாகத் தெரிந்த மணல் திட்டாகப் பார்த்து நங்கூரம் போட்டார். அதுவரை நங்கூரம் என்றால், கனமான இரும்பு, அந்தக் கனம்தான் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்றே நினைத்திருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கனம் ஓரளவுக்குத்தான். நங்கூரம் செய்கிற வேலை உழவு.

அதெப்படி? 1933-ல் ஜி.ஐ. டெய்லர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி ஒரு நங்கூரம் கண்டுபிடித்தார். பாய்மரப் படகுப் பைத்தியம் அவர். கனமான நங்கூரத்தைத் தூக்கி அலுத்துப்போனவர், லேசாகவும் இருக்க வேண்டும், பிடிக்கவும் வேண்டும் என்று யோசித்து எதை மாதிரி செய்தார் தெரியுமா? ஏர்க் கலப்பையை மாதிரி! கொழு மண்ணில் இறங்குவது போல அது கடலடி மணலில் இறங்கும். இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் புதையும். அதற்கு சி.க்யூ.ஆர். என்று பெயர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'செக்யூர்' என்று வரும். கரிசல்காட்டான் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையைத்தான் கடலுக்கு அடியில் நங்கூரம் செய்கிறது.

கலப்பை இறங்க வேண்டுமென்றால் மாடு முன்னால் இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் கொழு வெளியே வந்துவிடும். நங்கூரமும் அதே கதை. கயிறு குட்டையாக இருந்தால் படகு அதை மேல்நோக்கிப் பிடுங்கும். நீளமாக இருந்தால்தான் தரையோடு தரையாகக் கிடைமட்டமாக இழுக்கும். அதனால் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு, காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு கயிறு விடச் சொல்கிறார்கள். ஆழம் 3 மீட்டர், 'அணியம்' என்கிற படகின் முன்பக்கம் தண்ணீருக்கு மேலே 1 மீட்டர், ஆக மொத்தம் 4. சாதாரண நாளில் 20 மீட்டர் கயிறு, காற்றடித்தால் 28. மாசச் சம்பளத்தைப்போல ஆறு மடங்கு பேங்கில் கிடக்கட்டும் என்று சொல்கிற ஃபைனான்ஸ் ஆலோசகர் ஞாபகம் வருகிறார் அல்லவா? அமைதியான நாளில் அத்தனை கயிறும் வீண் மாதிரித்தான் தெரியும்.

கயிற்றை விட்ட பிறகும் அண்ணாச்சி உட்காரவில்லை. கரையில் தெரிந்த ஒரு கோபுரத்தையும் அதற்கு முன்னால் இருந்த ஒரு மரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டும் விலகினால் படகு நகர்கிறது, நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். பத்து நிமிஷம் விலகவில்லை. அப்புறம்தான் தூக்குச்சட்டியைத் திறந்தார்.

"பார்ல போட்டா இன்னும் கெட்டியா மாட்டிக்குமே அண்ணாச்சி?"

"மாட்டும். அப்புறம் வராது. வந்தா பாரையும் பேத்துக்கிட்டு வரும். நூறு வருசமா வளந்தது ஒரு இழுப்புல போயிரும். மணல்ல போட்டா மணலு மறுபடி மூடிக்கிடும்."

தீவுகளின் பெயர்களைக் கேட்டேன். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. பெயரே வழிகாட்டி! அப்புறம் காரைச்சல்லி, விலங்குசல்லி, புலுவினிசல்லி. சல்லி என்றால் உடைந்த பவளத் துண்டு. பவளத் துண்டும் மணலும் குவிந்து குவிந்துதான் இந்தத் தீவுகளே உண்டாயின. நம்ம ஊரில் சல்லி என்றால் காசு. 'சல்லிக்காசு பெறாது' என்கிறோமே, அந்தச் சல்லி.

இரண்டும் ஒன்றாகிப்போனதுதான் சோகம். பல வருஷங்களாகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்கு, கட்டடத்துக்கு, தொழிற்சாலைகளுக்கு. 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு பவளமும் சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவது ஏறக்குறைய நின்றேபோனது. அதற்குள் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்பது பேப்பரில். கண்ணுக்குத் தெரிவது 19.

மண்ணியல் படித்தவர்கள் இதை வேறு மாதிரி விளக்குவார்கள். நான் பி.காம். பார்வையில் சொல்கிறேன். பார் என்பது சம்பளம் வாங்காத வாட்ச்மேன். திறந்த கடலிலிருந்து வருகிற அலையை உடைத்து, தீவின் மணல் அரிக்காமல் காக்கிறது. தீவின் மறைவில் படகுகள் நிம்மதியாக நிற்கக் குளம் மாதிரி ஓர் இடத்தையும் உண்டாக்கித் தருகிறது. எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் இந்தச் சொத்து ஏறவில்லை. அதனால் அழிந்தபோது தேய்மானமும் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. வெட்டி விற்ற சல்லி மட்டும் வரவில் ஏறியது.

தீவு போனால் படகுக்காரனுக்கு என்ன நஷ்டம்? அண்ணாச்சியிடம் கேட்டேன். பழைய விலங்குசல்லி இருந்த திசையைக் காட்டினார். வெறும் தண்ணீர்.

"தீவா இருந்தவரைக்கும் அடையாளம். தூரத்துல பாத்தே வெலகிப் போவோம். ராத்திரில அதுக்கு மறைவுல ஒதுங்குவோம். முங்குன பெறகு அதே எடம் கண்ணுக்குத் தெரியாத மேடு. காப்பாத்துனதுதான், இப்பத் தட்டுது."

தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் 2 ஹெக்டேர் தேறுவதே பெரிய பாடாக இருந்தது. 2015 கடைசியில் தமிழக அரசும் தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, தீவுக்கு முன்னால் கடலடியில் கான்கிரீட் தடுப்புகளை இறக்க ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, அரிப்பு தணிந்தது, மூழ்கிவிடும் என்று நினைத்த தீவு தாக்குப்பிடித்து நிற்கிறது. கான்கிரீட்டில் மீன்கள் குடி வந்துவிட்டன. பவளமும் ஒட்டி வளர்கிறது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? சுண்ணாம்புக்காக வெட்டி விற்ற இடத்தில், சிமென்ட்டை விலை கொடுத்து வாங்கி இறக்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு தீவுக்கே இவ்வளவு. மற்றவற்றுக்கு?

அன்றைக்கு மூன்று மணிக்கு முன்பே அண்ணாச்சி நங்கூரத்தைத் தூக்கினார். கயிற்றை இழுத்துக்கொண்டே படகை முன்னால் நகர்த்தி, கயிறு செங்குத்தாக வந்ததும் ஒரு சுண்டு. பூப்போல வந்துவிட்டது. பிடிக்கும்போது கிடைமட்டம், எடுக்கும்போது செங்குத்து. அதன் அலகில் ஒரு கை மணல் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதை விரலால் வழித்து, பவளத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று வெயிலில் காட்டிப் பார்த்தார். இல்லை. கையைக் கடலில் அலசிவிட்டு எஞ்சினை உசுப்பினார்.